தோடம்பூ மணம்

"அந்தக் குடைக்காரன் இன்னும் நிக்கிறான், அண்ணி."

ஐங்கரன் வந்து காதுக்குள் சொன்னபோது புனிதவதி புருஷனின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். குளிரறையில் நாட்கணக்காகக் கிடந்த உடம்பு. திருநீறு பிடிக்கமாட்டேன் என்றது. இழுத்த குறி நடுவில் அறுந்து இமையில் உதிர்ந்தது. ஊதிவிடலாமா என்று யோசித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் மெல்ல ஒற்றி எடுத்தாள்.

"ஆரெண்டு கேட்டனியே?"

"கேட்டன். உள்ளை வாங்கோ எண்டும் கூப்பிட்டன். நோ மெசியூ, நோ எண்டு ரெண்டடி பின்னாலை போறான். செத்தவீட்டுக்கு வந்தவன் ஏன் வெளியிலை நிண்டு எட்டிப் பாக்கவேணும்? அண்ணை ஏதும் சிக்கலிலை மாட்டுப்பட்டிருந்தவரோ?"

ஐங்கரன் செத்துப்போன வாமதேவனின் தம்பி. பாரிசில், ரூ காய் தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான். வாழைப்பூவை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிற சனத்தையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, இப்போது நேராகப் பார்த்தாலும் அவனுக்கு ஓரக்கண் பார்வைதான் வரும். அவன் சொன்னால் பாதியைத் தள்ளிவிட வேண்டும். அன்றைக்குப் புனிதவதியால் தள்ள முடியவில்லை. அவளிடமும் ஒரு சந்தேகம் இருந்தது. அது ஐங்கரனுடையதைவிடப் பழையது.

பிரேதம் பார்வைக்கு வைக்கிற மலர்ச்சாலையின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தாள். பாரிசுக்கு வெளியே, ஓல்னே-சூ-புவாவின் மழை, சாம்பல் நிறத்தில், ஓசையில்லாமல் பெய்துகொண்டிருந்தது. கார்கள் நிற்கிற இடத்துக்கு அப்பால், இலையில்லாத மரத்தின் கீழே, கறுப்புத் தொப்பி வைத்த ஒரு கிழவர். குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி இந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாமதேவன் சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்தவர். போன கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாக்கின்மேல் சாய்ந்துவிட்டார். கெட்ட பழக்கம் இல்லாத மனிதர் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். புனிதவதியும் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

வெள்ளி அவருக்கு லீவு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னமே தோய்ந்து, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார். "கோயிலுக்குப் போட்டு வாறன்" என்பார். அவளும் நம்பித்தான் இருந்தாள். ஒருநாள் பிள்ளையார் கோயிலில் ஒருத்தி கேட்டாள்: "என்ன புனிதமக்கா, வெள்ளியிலை அண்ணையை இந்தப் பக்கம் காணவே கிடைக்குதில்லை?" அன்றைக்கு ஆட்டம் கண்டது அவளுடைய மனம். அதற்குப் பிறகுதான் அந்த மணத்தையும் கவனித்தாள். மல்லிகை இல்லை, போத்தல் வாசனையும் இல்லை. லேசான கசப்போடு ஒரு பூ மணம். சேர்ட்டில் தேடினாள், இல்லை. உள்ளங்கையில் இருந்தது. தண்ணீர்க் கிளாசைக் கொடுக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன மணமப்பா இது?"

"கை கழுவினனான்."

அவ்வளவுதான் பதில். எத்தனை வருசம்! இரண்டாயிரத்து ஒன்பதில் தொடங்கிய வெள்ளிக்கிழமைகள். அவள் பிறகு கேட்கவில்லை. கேட்டால் ஒரு பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பெயர் அவர் செத்த மறுநாள் தானாகவே வந்தது. வெள்ளி மத்தியானம் அவருடைய தொலைபேசி அடித்தது. திரையில் தமிழ் எழுத்தில், அவர் கையாலேயே பதிந்த பெயர்: ஆலீஸ். மகள் சுபாங்கிதான் எடுத்தாள். பிரெஞ்சில் இரண்டு வசனம் சொன்னாள். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"பொம்பிளையோ?"

"ஓம் அம்மா. வயசான குரல். அழுறா. செத்தவீடு எங்கை, எத்தினை மணிக்கு எண்டு கேட்டவ. சொன்னனான்."

"முதல் என்ன கேட்டவ?"

சுபாங்கி தயங்கினாள். "இண்டைக்குக் கட்டாயம் வருவாரோ எண்டு."

இதற்குமேல் என்ன வேண்டும்? பெட்டிக்குள் போட உடுப்பு எடுக்கப்போன இடத்தில், வெள்ளி உடுத்துகிற கோட்டின் உள்பொக்கற்றில் இன்னொன்றும் அகப்பட்டது. கறுப்பு வெல்வெட்டில், ஒரு சிரட்டையளவில், வட்டத் தொப்பி. அதை ஐங்கரனுக்குக் காட்டவில்லை. காட்டினால் "அண்ணை சமயம் மாறிட்டார்" என்று லா சப்பேல் தமிழ்க் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிடுவான். தொப்பி இப்போது அவளுடைய கைப்பைக்குள் இருந்தது.

ஐயர் சுண்ணம் இடிக்க உரலை எடுத்து வைத்தார். "வாய்க்கரிசிக்கு அரிசி ஊறப்போட்டாச்சோ? இஞ்சை எங்களுக்குத் தந்த நேரம் கொஞ்சம்தான், அம்மா."

வாய்க்கரிசி. அதுதான் அவளுடைய நெஞ்சில் கிடந்து உறுத்தியது. கட்டினவள் கடைசியாகக் கொடுக்கிற சாப்பாடு. கை கூசாமல் போட வேண்டும். வேறொருத்தியின் ஆளுக்கு நான் போடுகிறேனோ என்று நினைத்துக்கொண்டு எப்படிப் போடுவது? போடாமல் நின்றால் சனம் என்ன நினைக்கும் என்பது வேறு. அவருடைய முகத்தைப் பார்த்தாள். எப்போதும் போல அது ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

குள்ளமான ஒரு கிழவி. வெள்ளைக்காரி என்று முழுதாகச் சொல்ல முடியாத நிறம். தலையில் கறுப்புத் துணி, கையில் ஊன்றுதடி. குடைக்காரக் கிழவரோடு ஏதோ பேசிவிட்டு அவள் தனியே உள்ளே வந்ததை ஐங்கரன் கண்டிருக்கிறான். பின்னாலேயே வந்து நின்றான். சுவரோரமாக இருந்த பெண்கள் பேச்சை விட்டார்கள். கிழவி பெட்டியடிக்குப் போனாள். தொடவில்லை. வாய்க்குள் ஏதோ சொன்னாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

புனிதவதிக்குப் பக்கத்தால் அவள் நகர்ந்தபோது மணந்தது. அதே மணம்.

"ஆரணை இது? அண்ணையின்ரை வேலையிடமோ?" என்று ஒருத்தி மற்றவளிடம் முணுமுணுத்தாள்.

"குசினியிலை இந்த வயசிலை ஆர் வேலை செய்யினம்?"

புனிதவதிக்குக் காது சுட்டது. சனத்துக்கு நடுவில் அந்தக் கிழவியிடம் எதைக் கேட்பது? வெளியே நிற்கிறவரிடம் கேட்கலாம். "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்று ஐயரிடம் சொன்னாள். சுபாங்கியின் கையைப் பிடித்தாள். மழைக்குள் இறங்கிவிட்டாள்.

கிழவர் அவர்களைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்தார். குடையை நீட்டிப் புனிதவதியின் தலைக்கு மேல் பிடித்தார். தன்னுடைய பெயர் ஏலி என்றார்.

"ஏன் உள்ளை வரமாட்டன் எண்டு நிக்கிறியள்? கேள், பிள்ளை."

சுபாங்கி கேட்டாள். கிழவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார். சுபாங்கி நெற்றியைச் சுருக்கினாள்.

"மன்னிக்கட்டுமாம், அம்மா. அவை யூதராம். அதிலையும் இவையின்ரை குடும்பம் பூசாரிக் குடும்பம். பிரேதம் இருக்கிற கூரைக்குக் கீழை போகக் கூடாதாம். மரியாதை இல்லாமல் இல்லையாம். அது… எப்பிடிச் சொல்றது…"

"துடக்கு."

"ஓம், அதுதான். அதுக்கு பிரெஞ்சிலை என்ன?"

"சொல்லத் தேவையில்லை. விளங்கிட்டுது." உள்ளே நிற்கிறவர் செத்தவீட்டு ஐயர்; கோயிலில் பூசை செய்கிற ஐயர் இழவு வீட்டுப் படலையை மிதிக்கமாட்டார், அது புனிதவதிக்குத் தெரியாதா? ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அதற்காக மற்றதை விட்டுவிட முடியுமா? "இவரை எப்பிடித் தெரியும் எண்டு கேள்."

இந்தத் தடவை கிழவர் நீட்டிச் சொன்னார். சொல்லும்போது கதவைப் பார்ப்பதும் குரலைத் தாழ்த்துவதுமாக இருந்தார். புனிதவதி அவருடைய கண்ணையே பார்த்தாள். பொய் சொல்கிறவன் எங்கே தடக்குகிறான் என்று பார்க்கிற பார்வை.

"அவையின்ரை ஊர் துனிசியாவிலை, அம்மா. தெற்கிலை, கடற்கரைப் பட்டினம். பேர் காபேசாம். பேரீச்சந்தோட்டம் கடல் மட்டும் வருமாம். ரெண்டாம் உலக யுத்தம் நடக்கேக்கை ஒருநாள் சனம் பொல்லுகளோடை வந்து இவையை அடிச்சதாம். இவர் அப்ப தாயின்ரை பாவாடைக்குள்ளை. பிறகு வருசத்துக்கு வருசம் ஒவ்வொரு குடும்பமா வெளிக்கிட்டவை. கடைசியா வந்தவை அங்கத்தைக் கோயிலிலை இருந்து வேதச்சுருளையும் ரெண்டு விளக்கையும் தூக்கிக்கொண்டு வந்தவையாம். இஞ்சை பாரிசிலை, ஸ்டாலின்கிராட் மெத்ரோ பக்கம், ஒரு முற்றத்துக்குப் பின்னாலை, முந்தித் தையல்வேலை நடந்த அறையை வாங்கிக் கோயிலாக்கினவை. பேரும் ஊர்ப்பேர்தான். அந்த நேரம் கதிரை காணாமல் நிண்டு கும்பிட்டவையாம். இப்ப கதிரைதான் மிச்சம். பிள்ளையள் எல்லாம் தூரத் தூரப் போட்டினம்."

ஊர்ப்பேரில் சங்கம் வைக்கிற சனம் உலகத்தில் தாங்கள் மட்டும்தான் என்று புனிதவதி நினைத்திருந்தாள். இருந்தாலும் விடவில்லை. "இதுக்கை இவர் எங்கை வாறார்?"

"பத்து ஆம்பிளையள் இல்லாட்டில் செத்தவைக்குச் சொல்லுற செபத்தைச் சொல்லக் கூடாதாம். ஒன்பது பேர் எண்டால் ஒண்டும் இல்லாத மாதிரித்தானாம். ரெண்டாயிரத்து ஒன்பது மே மாசம், ஒரு வெள்ளி, ஒன்பது பேர்தான் நிண்டவை. இவர் றோட்டுக்கு இறங்கி ஆரும் யூதர் வருகினமோ எண்டு பாத்தவராம். வாசல் படியிலை அப்பா நனைஞ்சுபோய் இருந்தவராம்."

புனிதவதிக்கு அந்த மே மாசம் நினைவிருக்கிறது. மறக்கிற மாசமா? நாள்தோறும் ஆர்ப்பாட்டத்துக்குப் போய்த் தொண்டை கட்டி வருவார். கடைசியில் ஒருநாள் போகாமல் விட்டார். அவருடைய தங்கை தயாளினி, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லாரும் ஊரில் கடைசி யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தார்கள். இருக்கிறார்கள் என்றும் ஒருத்தர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஊரில் இருந்த மாமி, மகள் வருவாள் என்று வாசலைப் பார்த்தபடியே இருந்தா. "அம்மா உயிரோடை இருக்குமட்டும் தயாளினிக்குத் திவசம் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கப்படாது" என்றுவிட்டார் வாமதேவன். மாமி போன பிறகும் திறக்கவில்லை. கூடப்பிறந்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சு என்று புனிதவதியே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"நீங்கள் யூதரோ எண்டு இவர் கேட்டவராம். அப்பா இப்பிடிச் செய்தவராம்."

கிழவர் குடையை இடக்கைக்கு மாற்றிவிட்டு, கண்ணைப் பாதி மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து ஆட்டிக் காட்டினார். சுபாங்கி மழைக்குள் சிரித்துவிட்டாள். சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். உப்புக் காணுமோ என்று கேட்டாலும், புதுவீடு பார்ப்போமோ என்று கேட்டாலும் வாமதேவன் ஆட்டுகிற ஆட்டம் அது. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நாற்பது வருசம் அதோடு மல்லுக்கட்டினவள் புனிதவதி. அதை இந்தக் கிழவர் கட்டுக்கதைக்காகக் கற்றிருக்க முடியாது.

"இவர் அதை ஓம் எண்டு எடுத்தவராம். ஓம் வேண்டியிருந்ததாம். தென்னிந்தியாவிலையும் பழைய காலத்திலை இருந்து யூதர் இருக்கினம்தானே, அந்தப் பக்கத்து ஆள் எண்டு மற்றவைக்குச் சொல்லிப்போட்டாராம். தலைக்கு ஒரு சின்னக் கறுப்புத் தொப்பி குடுத்து உள்ளை கூட்டிக்கொண்டு போனவராம். செபம் சொல்லேக்கை அப்பா அழுதவராம். கூட்டத்திலை அவ்வளவு அழுறது ஆர் எண்டு எல்லாரும் பாத்தவையாம். அடுத்த வெள்ளி கூப்பிடாமலே வந்தவர்."

"இவருக்குத் தெரியாதோ, எங்கடை ஆள் எண்டு?"

கிழவர் குடைக்காம்பைத் திருகினார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியுமாம். அந்த வருசமே லா சப்பேலிலை பிள்ளையார் தேர் போகேக்கை, அப்பா சேர்ட் இல்லாமல், திருநீறு பூசி, வடம் பிடிச்சுக்கொண்டு போனதைக் கண்டவராம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எண்ணினது தானாம், பிழை தன்னோடை போகட்டுமாம்." சுபாங்கி குரலைத் தாழ்த்தினாள். "உள்ளை நிக்கிற மடாமுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு கேக்கிறார். அவவின்ரை மனுசனுக்குச் சொன்ன செபம் முழுக்க அப்பாவையும் சேர்த்து எண்ணினதுதானாம். பிழைச்சுப்போச்சு எண்டு தெரிஞ்சால் தாங்கமாட்டாவாம்."

மடாம் என்றதும் புனிதவதிக்கு வந்த வேலை நினைவுக்கு வந்தது. "அந்த ஆலீஸ் இவருக்கு என்ன முறை எண்டு கேள்."

"ஐயோ அம்மா! இதை நான் கேக்கமாட்டன்."

"நீ கேக்காட்டில் விடு." புனிதவதி கிழவரை நேராகப் பார்த்தாள். இத்தனை வருசத்தில் கடையிலும் பஸ்சிலும் பொறுக்கிச் சேர்த்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டினாள். "ஆலீஸ்… மோன் மரி… குவா?"

ஆலீஸ், என் புருஷன், என்ன? அவ்வளவுதான் அவளுடைய கேள்வி. கிழவர் சிரிக்கவில்லை. அவருக்கு விளங்கிற்று. மெல்ல மெல்லச் சொன்னார். சுபாங்கியும் இந்தத் தடவை முணுமுணுக்காமல் தமிழாக்கினாள். பெண்கள் திரைக்குப் பின்னால் இருக்கிறவர்கள். செபம் முடிந்ததும் ஆலீஸ் கழுத்து ஒடுங்கின வெள்ளிச் செம்போடு வருவாள். ஒவ்வொருத்தரின் உள்ளங்கையிலும் சில துளி தெளித்துவிடுவாள். தோடம்பூ, ஆரஞ்சுப் பூ, காய்ச்சி இறக்கின தண்ணீர். ஊரில் அவளுடைய தாய் செய்த வேலை அது. வெள்ளி மத்தியானம் ஆட்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கூப்பிடுவதும் அவள்தான். ஒருத்தர் குறைந்தாலும் விளக்கை அணைத்துவிட்டுப் போக வேண்டும் அல்லவா?

ஏலி தன்னுடைய வலக்கையை விரித்து நீட்டினார். புனிதவதி குனியவில்லை. குனியாமலே மணந்தது.

மகளோடு கதவடிக்குத் திரும்பினாள். சந்தேகம் ஒரு பக்கம் ஒதுங்கினால் இன்னொரு பக்கத்தால் தலையை நீட்டும். நெடுங்காலம் சோறுபோட்டு வளர்த்தது அல்லவா? சரி, கும்பிடப் போனார். இந்தச் சனத்தோடு ஏன் போய்க் கும்பிட வேண்டும்? எனக்கு ஏன் சொல்லவில்லை?

ஆலீஸ் வாசல் மண்டபத்துக் கதிரையில், தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். புனிதவதியைக் கண்டதும் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினாள். அவள் இருந்ததும் சுபாங்கியிடம் அவசரமாகக் கேட்டாள்.

"ஏலி என்ன சொன்னவர் எண்டு கேக்கிறா."

"ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லு."

ஆலீசின் கண் சுருங்கியது. நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு புனிதவதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கிட்டக் குனிந்து, இரகசியக் குரலில் பேசத் தொடங்கினாள். கேட்கக் கேட்கச் சுபாங்கியின் புருவம் மேலே போனது.

"அம்மா… ஏலிக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு சொல்றா. அப்பா யூதர் இல்லை எண்டு இவவுக்குத் தெரியுமாம். ஏலிக்குத்தான் தெரியாதாம். பூசாரிக் குடும்பம், பிழையா எண்ணிப்போட்டன் எண்டு தெரிஞ்சால் அந்த மனுசன் உடைஞ்சுபோகுமாம்." அவள் ஆலீசின் பக்கம் திரும்பி, "மே மடாம்…" என்று மறுத்துச் சொல்லத் தொடங்கினாள்.

புனிதவதி மகளின் தொடையில் கிள்ளினாள். சின்ன வயதில் கோயிலில் கிள்ளினது போல. சுபாங்கி வாயை மூடினாள்.

"எப்பிடித் தெரியுமாம்?"

"செத்தவையின்ரை நாளிலை கண்ணாடிக் குவளையிலை விளக்குக் கொளுத்தி வைக்கிற பழக்கமாம் அவைக்கு. அப்பாவும் ஒவ்வொரு மே மாசமும் ஒண்டு கொளுத்தினவராம். கொளுத்திப்போட்டு ரெண்டு கையையும் நெருப்புக்கு மேலை காட்டி, கண்ணிலை ஒத்தினவராம். இவ திரைக்குள்ளாலை பாத்துக்கொண்டு இருந்தவ. அவையிலை ஒரு ஆம்பிளையும் அப்பிடிச் செய்யமாட்டினமாம்."

"ஆருக்கு விளக்கு எண்டு கேட்டவவோ?"

சுபாங்கி கேட்க முன்பே ஆலீசுக்கு விளங்கிவிட்டது. பல்லில்லாத வாயால், ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்து, தமிழிலேயே சொன்னாள்.

"தங்காச்சி."

சுபாங்கி எதையும் மொழிபெயர்க்கவில்லை. உள்ளே சுண்ணம் இடிக்கிற உலக்கைச் சத்தம் கேட்டது. ஆலீஸ் இன்னும் ஏதோ சொன்னாள். சுபாங்கி சொன்னாள்: "அவையிலை பிரேதத்தை எரிக்கக் கூடாதாம். அவரை எங்கை கொண்டுபோறியள் எண்டு நான் கேக்கமாட்டன் எண்டு சொல்றா."

"அண்ணி! ஐயர் கூப்பிடுறார்," என்று ஐங்கரன் கதவுக்குள் நின்று கத்தினான்.

புனிதவதி எழுந்து போனாள். அரிசிக் கிண்ணத்துக்குள் கையை விட்டு அள்ளினாள். ஊறின அரிசி குளிர்ந்திருந்தது. மூன்று தரம் வாயில் போட்டாள்; கை கூசவில்லை. பிறகு வேட்டி மடிப்பைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்து, கைப்பைக்குள் இருந்த தொப்பியை எடுத்து இடுப்புப் பக்கம் செருகி, மேலே துணியை இழுத்துத் தடவிவிட்டாள். சுபாங்கி கண்டாள். கதவடியில் நின்ற ஆலீசும் கண்டாள்.

பெட்டி மூடி வண்டியில் ஏற்றுகிறபோது ஏலி மரத்தடியை விட்டு இன்னும் தள்ளிப்போய், மதிலோடு ஒட்டி நின்றார். வண்டி தெருவுக்கு ஏறின பிறகுதான் வந்தார். மலர்ச்சாலையின் பக்கச் சுவரில் பூவுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய் ஒன்று இருந்தது. ஆலீஸ் அதைத் திறந்து கையை நனைத்தாள். புனிதவதியும் போய்க் கையை நீட்டினாள். பிரேதத்தடியில் நின்று வந்தவர் தண்ணீர் தொடாமல் போவார்களா? இரண்டு பேரும் துடைக்கவில்லை. ஆலீஸ் மேலங்கிப் பொக்கற்றிலிருந்து சிறிய போத்தல் ஒன்றை எடுத்தாள். மூடியைத் திருகி, புனிதவதியின் ஈரமான உள்ளங்கையில் நாலைந்து துளி விட்டாள்.

ஏலி சுபாங்கியின் பக்கம் குனிந்து கேட்டார். ஆலீசைக் கண்ணால் காட்டினார். புனிதவதிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"ரியான், மெசியூ," என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்று.

ஆலீசும் அவளைப் பார்த்தாள். அவளுக்கும் தலையை ஒரு பக்கம் சாய்த்து ஆட்டினாள்.

கிழவர் குடையை விரித்தார். இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கமாக நடந்தார்கள். குடை ஆலீசின் பக்கமே சரிந்திருந்தது. ஏலியின் இடத்தோள் நனைந்துகொண்டு போனது.

வண்டிக்குப் பின்னால் ஐங்கரனின் கார் புறப்பட்டது. பின் ஆசனத்தில் சுபாங்கி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். சிக்னலில் நின்றபோது ஐங்கரன் மூக்கை உறிஞ்சினான். இன்னொரு தரம் உறிஞ்சினான். திரும்பி, அவனுடைய அந்தப் பார்வையால் புனிதவதியைப் பார்த்தான்.

"என்ன மணம் அண்ணி இது?"

புனிதவதி விரல்களை மடித்துக்கொண்டாள்.

"கை கழுவினனான்," என்றாள்.